பேர் சொல்லாமல் அரைத்த மிளகாய்

நான் தமிழாசிரியையாக வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று, “சபலம்னா என்னங்க டீச்சர்?” என்று கேட்டாள். பின்பெஞ்சில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அர்த்தம் தெரிந்துகொண்டுதான் என்னைச் சோதிக்கிறாள் என்று அந்தச் சிரிப்பிலேயே புரிந்துவிட்டது. நான் விடுவேனா? நிலையில்லாமல் அசைவது, ஓரிடத்தில் தங்காமல் அலைகிற மனம், சபலை என்றால் மின்னல் என்று அகராதியில் இருப்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மின்னலைப் பார்த்ததும் சிரித்தவர்கள் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

அந்த ஒரு சொல்லுக்காக என் அம்மா ஆனைமலைக்குப் போய் மிளகாய் அரைத்துவிட்டு வந்தவள். அது யார்மேல் போய் விழுந்தது என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் பல மாதங்கள் யாரும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. இதை வகுப்பில் சொல்ல முடியுமா?

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் தாராளமாகப் புழங்கியது. பால் சட்டியைச் சுற்றிவரும் பூனைக்குச் சபலம். விரத நாளில் வடை வாசனை பிடித்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் வருகிற சித்தப்பாவுக்கு நாக்குச் சபலம். வாங்கவே போவதில்லை என்று தெரிந்தும் சந்தையில் யாரோ ஒருவருடைய காளையின் திமிலைத் தடவிக்கொண்டு நிற்கிறவருக்கு மாட்டுச் சபலம். இதையெல்லாம் சத்தமாகச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் ஓர் ஆணின் பேரைச் சொல்லி, குரலைத் தாழ்த்தி, “அவுரு கொஞ்சம் சபலமுங்க” என்று சொன்னால், அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். குடியைக் குடி என்றே சொல்வார்கள், சீட்டாட்டத்தைச் சீட்டாட்டம் என்பார்கள். இது பெண் விஷயம். அதிலும் அந்தக் ‘கொஞ்சம்’ இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. எவ்வளவு என்பதைக் கேட்கிறவர்களே அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார்கள்.

பெண்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை. ஆணுக்கு மட்டும் இப்படி மெத்தென்று ஒரு சொல்லை வைத்தவர்கள் பெண்ணுக்கு வைத்திருந்த சொற்களை நான் இங்கே எழுத மாட்டேன். ஒரு பெண்ணின் மனசு சும்மா ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு வந்தால் அதற்கு என்ன பேர் என்று யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை. எனக்கும் அப்போது அதைப் பற்றி யோசனை கிடையாது.

அப்பா கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தார். ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். பேச்சு குறைவு. தண்ணீர்த் தொட்டியடியில் நின்று கைகால் கழுவுவார், சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், தூங்குவார். அம்மா அப்படியல்ல. அவள் வாய் ஓயாது. குழாயடியில் அவள் குரல்தான் முதலில் கேட்கும். அவளுடைய பெருமை முழுக்க அப்பாதான். “எங்கூட்டுக்காரரு மில்லுக்குப் போறதும் தெரியாது, வர்றதும் தெரியாது. நிமிந்து பார்க்க மாட்டாருங்க” என்று சொல்லிக்கொள்வாள். மற்ற வீட்டுக்காரர்கள் நிமிர்ந்து பார்க்கிறவர்கள் என்பது அதற்குள் அடங்கிய சேதி.

அம்மாவிடம் ஒரே ஒரு வேண்டாத பழக்கம் உண்டு. சென்னிமலையிலிருந்து தோளில் மூட்டையோடு ஒருவர் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போர்வை விற்க வருவார். அவரே நெய்தது. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவார், அதிகம் பேசமாட்டார். அவர் வந்துவிட்டுப் போனால் எங்கள் வீட்டில் ஒரு போர்வை கூடியிருக்கும். மூன்று பேர் இருக்கிற வீட்டில் தகரப் பெட்டி நிறையப் போர்வை. அதில் ஒன்றைக்கூட விரிக்க விடமாட்டாள். “மில்லுக்காரன் ஊட்டுல வெச்சுப் போர்வை ஏவாரம் பண்ணலாமாட்ட இருக்குது” என்று அப்பா எப்போதாவது சிரிப்பார். அம்மா பதில் சொல்ல மாட்டாள். அவள் பதில் சொல்லாத விஷயம் அது ஒன்றுதான்.

ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு நான் வீட்டில் இருந்தபோது சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு மின்சார ஆபீசில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று காபி குடித்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல அன்றைக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கு இல்லை.

பிடித்திருக்கிறது என்று அவர்களும் முகத்தில் காட்டினார்கள். ஆனால் எங்கள் பக்கம் உடனே வாயைத் திறந்து சரி என்று சொல்லிவிட மாட்டார்கள். முதலில் விசாரிப்பார்கள். துணி வெளுக்கிறவரிடம், மளிகைக்கடையில், மில் வாசல் டீக்கடையில் என்று முன்பின் தெரியாதவர்களைப் போல வந்து பேச்சுக் கொடுப்பார்கள். பெண்ணைப் பற்றிக் கேட்பதைவிடப் பெண்ணைப் பெற்றவர்களைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். நம்மைப் பற்றி எங்கோ யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது, போய்த் திருத்தவும் முடியாது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் நான் ஜன்னலுக்கு ஓடுவேன்.

ஒரு நாள் தரகர் வந்தார். திண்பண்டம் எதுவும் வேண்டாம் என்று சொன்னபோதே அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“வேற எடம் பார்த்துக்கலாமுங்க அம்மணி” என்றார்.

“ஏனுங்க, சாதகமெல்லாம் பொருந்தி வந்துச்சுங்களே?”

“சாதகம் நெம்பப் பொருத்தமுங்க. மாப்பளையோட தாய்மாமன் மில்லு கேட்டுல விசாரிச்சிருக்காருங்க.” தரகர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “மேஸ்திரி கொஞ்சம் சபலம்னு சொல்லிப்போட்டாங்களாமுங்க.”

“ஆரு சொன்னது?” என்றாள் அம்மா.

“பேரெல்லாம் தெரியாதுங்க. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்த ஆளாம். மில்லுல கூட வேலை செய்யறவருதானாட்ட இருக்குதுங்க.”

அன்று சாயங்காலம் மில் சங்கு ஊதி, அப்பா வந்து கைகால் கழுவி முடிப்பதற்குள் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யார் அந்தப் பாவி, உங்க கீழ வேலை செய்யறவனா, மேஸ்திரி வேலைக்கு ஆசைப்பட்டவனா என்று ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லிக் கேட்டாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க வேண்டியதற்கும் அதிகமாகத் துடைத்தார். “போனாப் போவுது உடு. வேற எடம் வராமயா போயிரும்” என்றார். அந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. போவது என்னுடைய கல்யாணம் அல்லவா? அவருக்கென்ன, சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

சொல் நிற்கவில்லை. குழாயடியில் அம்மா குடத்தை வைத்ததும் பேச்சு நின்று, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியது. வருவதாக இருந்த இன்னொரு சம்பந்தமும் வரவில்லை. காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா குழாயடிக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் யாருக்காகவும் எதையும் மாற்றிக்கொள்கிறவள் இல்லை.

பொள்ளாச்சியில் சொந்தத்தில் ஒரு ஒறம்பரையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, அம்மா என்னை ஆனைமலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்யப்பட்டவர்கள் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் அப்பி, செய்தவன் எரிய வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள். பொருளைத் தொலைத்தவர்கள், நிலத்தை இழந்தவர்கள், அடிபட்டவர்கள் என்று அன்றைக்கும் ஒரு கூட்டம் இருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று பஸ்ஸில் போகும்போதே அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா குனிந்து அரைத்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது, துடைக்க முடியாது. பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, தன் ஆடுகளைத் திருட்டுக் கொடுத்தவள், “ஆரு பேருங்க சொல்லி அரைக்கறீங்க?” என்று கேட்டாள்.

“பேரு தெரியலீங்க.”

“பேரு தெரியாம அரைக்காதீங்க அம்மணி. அது எங்க போயி நிக்குமோ. நானு பேரும் ஊரும் வெவரமாச் சொல்லித்தான் அரைக்கறேன்.”

“அம்மனுக்குத் தெரியாத பேருங்களா?” என்றாள் அம்மா. கையால் வழித்து எடுத்துக் கல்லில் அப்பினாள். “எங்கூட்டுல இந்தச் சொல்லைக் கொண்டாந்து போட்டது ஆரா இருந்தாலுஞ் செரி தாயே, இந்த மொளகா எரியறாப்பல எரியோணும்” என்றாள். என் காதில் தெளிவாக விழுந்தது. நியாயம் கிடைத்ததும் திரும்பி வந்து கல்லுக்கு எண்ணெய் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எரிந்துகொண்டேதான் இருக்கும் என்று ஆட்டுக்காரப் பெண் சொல்லி அனுப்பினாள். திரும்பி வரும்போது அம்மா கைகளை மடியில் விரித்து வைத்தபடியே ஊர்வரை வந்தாள்.

அதற்குப் பிறகு, நாங்கள் எதிர்பார்க்காத ஒரு நாள், பெண் பார்க்க அன்று வந்திராத மாப்பிள்ளையின் தாய்மாமன் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். பையன் பிடிவாதமாக இருக்கிறான், வேறு பெண் வேண்டாம் என்கிறான், அதனால் பெண்ணின் அப்பாவை நேரில் பார்த்துப் பேசிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். அம்மா கால் தரையில் படாமல் உள்ளே ஓடிக் காபி கலந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சங்கு ஊதியது. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, புருவத்தில் பஞ்சோடு உள்ளே வந்தார்.

வந்தவர் எழுந்து கைகூப்பினார். கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏனுங்க, அன்னைக்கு டீக்கடை பெஞ்சுல எங்கூடப் பேசுனது நீங்கதானுங்களே?”

அப்பா தலையை மட்டும் அசைத்தார்.

“நீங்கதானுங்களா மேஸ்திரி? மேஸ்திரி எப்படிங்கன்னு உங்ககிட்டயேதான் கேட்டனா நானு?”

“ஆமாங்க” என்றார் அப்பா.

அம்மா காபியோடு நடையில் நின்றுகொண்டிருந்தாள். வந்தவர் அப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனையோ வீட்டில் சம்பந்தம் பேசியிருக்கிறேன், தன்னைப் பற்றி விசாரிக்க வந்தவனிடம் தன்னைக் குறைத்துச் சொன்ன மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். “இப்பிடிப்பட்ட ஊட்டுல பொண்ணு எடுக்கலாமுங்க. எங்களுக்குச் சம்மதமுங்க.”

என் கல்யாணம் முடிவானது இப்படித்தான். சந்தோஷப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அம்மா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் போனதும் அம்மா கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் எனக்குப் பழகிய விஷயம். மெதுவாகக் கேட்டாள். “எதுக்குங்க அப்பிடிச் சொன்னீங்க?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நூல் சுத்தற ரீலிங் பக்கம் ஒரு பொண்ணு வேலைக்கு இருந்துச்சு. சோலி இல்லாட்டியும் அந்தப் பக்கமாப் போய்ட்டு வருவேன். ஒரு பேச்சுப் பேசுனதில்லை. அது கண்ணாலம் ஆயிப் போயே நெம்ப வருசமாச்சு. ஆனா அந்தாளு வந்து, மேஸ்திரி எப்பிடி, சுத்தமான ஆளான்னு கேட்டப்ப, ஆமான்னு சொல்ல வாயி வல்லை. பொண்ணைக் குடுக்கற எடத்துல பொய்யச் சொல்லிக் குடுக்கறதா? சொல்லிப்போட்டேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை இறக்கி வைக்க அவருக்கு என் கல்யாணம்தான் கிடைத்ததா? கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கணவன் வேறொருத்தியைப் பார்த்தான் என்பதற்கு ஒரு பெண் எப்படி ஆவாளோ அப்படி அவள் ஆகவில்லை. பயந்துபோயிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் மிளகாய் நின்றுவிட்டது. அம்மிக்கல்லைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். குழம்பு வெள்ளையாக இருந்தது, ரசத்தில் மிளகு மட்டும். ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்குத் தயிர்சோறு, பருப்புச்சோறு, இளநீர். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “ஏனுங்க, பத்தியமுங்களா?” என்று கேட்டபோது அம்மா ஆமாம் என்றாள். அவரோடு பேசுவது மட்டும் இல்லை. சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அப்படியிருந்தும் ஒரு மாதத்துக்குள் அப்பா நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். எரியுது என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துக் குடல்புண் என்றார். வேளாவேளைக்குச் சாப்பிடாமல் டீயாகக் குடிக்கிற மில்காரர்கள் பாதிப் பேருக்கு இது உண்டு என்று சொல்லி வெள்ளையாக ஒரு மருந்து கொடுத்தார். நான் அந்தக் குடல்புண்ணைப் பிடித்துக்கொண்டேன். இது பழைய வியாதி, மிளகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே நான் பாடம் நடத்திக்கொண்டேன். ஆனால் அவர் ஒவ்வொரு தடவை முகத்தைச் சுளிக்கும்போதும் ஆட்டுக்காரப் பெண்ணின் குரல்தான் என் காதில் கேட்டது.

அம்மா நம்பினாள். நம்பியும் ஆனைமலைக்குப் போகவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “ஒரு எண்ணெயை ஊத்திட்டு வந்தரலாம் வாம்மா” என்று கெஞ்சினேன். “போலாங் கண்ணு” என்பாள். வெள்ளிக்கிழமை வரும், தலைவலி என்பாள். செவ்வாய்க்கிழமை வரும், கல்யாண வேலை என்பாள். அவர்மேல் இருக்கிற கோபம் ஆறவில்லை, அவர் கொஞ்சம் எரியட்டும் என்று இருக்கிறாள் என்றே நான் நினைத்தேன். கட்டினவள் இப்படியும் இருப்பாளா என்று அவளை நிமிர்ந்து பார்க்கவே பிடிக்கவில்லை.

பொறுக்க முடியாமல் அப்பாவிடமே சொல்லிவிட்டேன். மிளகாய் அரைத்ததை, பேர் சொல்லாமல் அரைத்ததை, எல்லாவற்றையும். நீங்களாவது அம்மாவிடம் சொல்லுங்கள், உங்களுக்காகப் போய்விட்டு வரட்டும் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை. “உங்கம்மா நாயங் கேட்டா. அம்மன் குடுத்துது. இதுல போயி நான் என்னன்னு கண்ணு சொல்றது?” என்றார். பிறகு அந்த வெள்ளை மருந்தையும் மறந்துபோனவர் போல வைத்துவிட்டு மில்லுக்குப் போனார். ஒருத்தர் ஊற்ற மாட்டேன் என்கிறார், ஒருத்தர் எரியட்டும் என்கிறார், நடுவில் நான் கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி நேராகப் போகவே இல்லை.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கியபோது, ஒரு மத்தியானம், சங்கு ஊதாத நேரத்தில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. மில் ஆட்கள் இரண்டு பேர் அப்பாவைத் தாங்கி இறக்கினார்கள். மிஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டாராம். வாந்தியில் ரத்தம் கலந்திருந்ததாம். சட்டையில் அந்தக் கறை இருந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, இனி அசட்டையாக இருந்தால் ஆஸ்பத்திரிதான் என்று கடுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்து வீட்டம்மாவை அப்பாவுக்குத் துணையாக உட்கார வைத்தாள். எண்ணெய்ச் செம்பை எடுத்தாள். என்னைப் பார்த்து, “பொறப்படு” என்றாள்.

ஆனைமலை பஸ்ஸில் அம்மா செம்பின் வாயைத் துணியால் கட்டி மடியில் வைத்திருந்தாள். போவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஊர்ப் பலகைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். கோயிலில் கல்லின் முன்னால் அவள் தலை குனிந்தபடி நின்றாள். பாதிச் செம்பை ஊற்றினாள். நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மீதியையும் ஊற்றினாள். வாய் முணுமுணுத்தது, எனக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது பொள்ளாச்சி தாண்டியதும் நானே கேட்டுவிட்டேன். இத்தனை நாள் அவரை எரிய விட்டு வேடிக்கை பார்த்தாயே, உனக்கு அவ்வளவு கோபமா என்றேன். குரலை அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“கோவமில்லை கண்ணு” என்றாள் அம்மா. “எனக்கு அந்தக் கல்லு முன்னால போயி நிக்கறதுக்குத்தான் பயம். அது நாயங் கேக்கற எடம். நீயும் யோக்கியமான்னு கேட்டா நானு என்ன சொல்றது?”

எனக்குப் புரியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அந்தச் சபலம் எனக்கும் இருந்துச்சு. பொட்டியில போயிப் பாரு, அத்தனையும் அதுதான். ஒரு பேச்சுப் பேசுனதில்லை. பாதி எண்ணெய் அவுருக்கு ஊத்துனேன். மீதி எனக்கு.”

ஒரு பெண் அந்தச் சொல்லைத் தனக்காக எடுத்து வைத்துக்கொண்டதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. யார் என்று நான் கேட்கவில்லை. தகரப் பெட்டியும், வாசலில் ஒவ்வொன்றாக விரிந்த போர்வைகளும், அப்பாவின் கிண்டலுக்குப் பதில் சொல்லாத அவள் முகமும் எனக்கு முன்னால் வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மருந்தினால் என்று டாக்டர் சொன்னார், நானும் அதையே சொல்வேன். அம்மா சொல்வதை நான் மறுத்துப் பேசுவதில்லை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பெட்டியோடு அத்தனை போர்வையையும் எனக்குக் கொடுத்துவிட்டாள். “நமக்கு ஒண்ணாச்சும் வெச்சுக்கலாமே” என்று அப்பா சொன்னபோது, “வேண்டாமுங்க” என்றாள். அவர்கள் இருவரும் பேச ஆரம்பித்து அப்போது சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

தலைதீபாவளிக்கு நானும் என் வீட்டுக்காரரும் வந்தோம். வாசலிலேயே மிளகாய் அரைக்கிற நெடி வந்தது. எனக்குத் தும்மலும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா அம்மியடியில் குனிந்திருந்தாள். உள்ளே அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். காலில் ஒரு புதுப் போர்வை. பச்சைக் கரை போட்டது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

நான் போர்வையையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார். “போன வாரம் அந்தச் சென்னிமலைக்காரரு வந்திருந்தாரு கண்ணு. உங்கம்மா ஊட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திட்டா. வந்த மனுசனை வெறுங்கையோட அனுப்பறதா? நாந்தான் கதவைத் தட்டி, வா, வந்து உனக்குப் புடிச்சதா ஒண்ணு எடுன்னு கூப்புட்டேன். வரமாட்டேன்னுட்டா. அப்பறம் நானே எடுத்தேன். பச்சைதானே அவளுக்குப் புடிக்கும்?”

பஸ்ஸில் என்னிடம் சொன்னதை அம்மா அவரிடம் எப்போது சொன்னாள், சொன்னாளா இல்லை அவருக்கு முன்பே தெரியுமா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அம்மிக்கல்லின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி அரைக்க ஆரம்பித்தாள்.